தலைவர் நடை

என் வீட்டுக்காரர் நடக்கிற நடையைப் பார்த்து வானத்திலிருந்து கொல்ல வருவார்கள் என்று யாராவது முந்தியே சொல்லியிருந்தால், வேறு வேலை இருந்தால் போய்ப் பாருய்யா என்று விரட்டியிருப்பேன். சாத்தூரில் குருவையா செத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு எதையும் சிரித்துத் தள்ள முடியவில்லை.

நாங்கள் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் செண்பகவல்லி. வீட்டுக்காரர் பெயர் கோமதிநாயகம். அந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் உண்டு. போஸ்டரில், மேடையில், தெருவில், பெண் எடுத்த வீட்டில்கூட அவருக்குக் 'கோவில்பட்டி மாசிலாமணி' என்றுதான் பெயர். தலைவர் மாசிலாமணியின் டூப்.

தலைவரைப் பற்றி நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். அந்நியக் கம்பெனிகளுக்கு ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறோம் என்று எங்கள் கடற்கரையில் ஊர் ஊராகக் காலி செய்தபோது முன்னால் நின்று அடி வாங்கியவர் அவர். போலீஸ் தடி இடது முட்டியைப் பெயர்த்துவிட்டது. அன்றிலிருந்து இடது காலை வெளியே ஒரு வீசு வீசுவார். வலது தோளைத் தூக்கி இறக்குவார். துண்டின் நுனி இடது கையில் சுருண்டிருக்கும். அந்த நடைக்கு எங்கள் ஜனங்கள் சொத்தை எழுதி வைப்பார்கள்.

தலைவர் அப்படி நடந்தால் தொண்டனும் அப்படித்தான் நடக்க வேண்டும், அதுதானே எங்கள் ஊர் வழக்கம்! பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறவன் காலை வீசிக்கொண்டு போவான். பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீசுவார். ஒன்றியச் செயலாளர் பதவி கேட்டு வருகிறவனை, எங்கே, நாலு எட்டு நடந்து காட்டு என்பார்கள். நல்ல முட்டியை வைத்துக்கொண்டு நொண்டுகிற இந்தக் கூத்து வேறு எந்தச் சீமையில் உண்டு? இருந்தால் சொல்லுங்கள், நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இதில் முதல் இடம் என் வீட்டுக்காரருக்கு. முகஜாடை கொஞ்சம் உண்டு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். மீசை ஒட்டுவது, கிருதாவுக்கு மை பூசுவது, கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுவது எல்லாம் என் வேலை. குரல் அவரே பிடித்துக்கொண்டார். தலைவரே ஒருமுறை இவர் பேசியதை டேப்பில் கேட்டுவிட்டு, நான் எப்பய்யா இதைப் பேசினேன் என்று கேட்டாராம்.

சாத்தூர்ப் பொதுக்கூட்டம் சாயங்காலம் நடந்தது. தலைவர் வண்டி வருவதற்கு முன்னால் கூட்டத்தின் நடுவே டூப்புகள் நடந்து மேடைக்குப் போவார்கள். ஜனங்களைச் சூடேற்றுவதற்கு அப்படி ஒரு முறை. முதலில் போக வேண்டியவர் இவர். வேர்வையில் மீசை ஒட்ட மாட்டேன் என்றது. நான் திட்டிக்கொண்டே பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நேரமாகிறது என்று ராஜபாளையம் டூப் குருவையா முன்னால் போய்விட்டார். தப்பு மேளம் முழங்க, துண்டைச் சுருட்டிப் பிடித்து, காலை வீசி, பிரமாதமாகத்தான் நடந்தார்.

மேலே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. தரை எழும்பி என்னைத் தூக்கிப் போட்டது. வாயெல்லாம் மண். எழுந்து பார்த்தபோது குருவையா நடந்த இடத்தில் கிணறு மாதிரி ஒரு குழி. அவர் இல்லை. அவரில் ஒரு துண்டுகூட இல்லை. குழியோரத்தில் தப்படிக்கிறவர் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், இடுப்புக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. என்னைப் பார்த்து, "எக்கா, தண்ணி" என்றார். நான் செம்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் தலை தொங்கிவிட்டது.

விண்கல் விழுந்ததாக டிவியில் சொன்னார்கள். சரி, விதி என்று இருந்தோம். பிறகு தேனியில் கோயில் கொடைக்கு ஆடப்போன டூப் ஒருவர், பார்க்க நின்றவர்களோடு சேர்த்துக் கருகிப் போனார். அதற்கப்புறம் சிவகாசியில் ஒரு டீ மாஸ்டர். அவர் டூப்பே கிடையாது. கையில் டீ கிளாஸோடு ரோட்டைக் கடக்கும்போது கடைக்காரர்களைச் சிரிக்க வைக்கத் தலைவர் மாதிரி நடந்திருக்கிறார், அவ்வளவுதான். எதிர்க் கடைச் சுவரில் அப்பிக் கிடந்ததை வழித்துத்தான் அடக்கம் செய்தார்களாம். அதுவும் விண்கல்தான் என்றார்கள். விண்கல்லுக்கு எங்கள் தலைவர் மேல் அப்படி என்ன கோபம்?

அப்போதுதான் ஆரோக்கியதாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். விமானப்படையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தலைவரின் பாதுகாப்பு இப்போது அவர் பொறுப்பில். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"அம்மா, மேலேருந்து பாத்தா முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். அதை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா வெயில் சாயுற நேரத்துல நிழல் நீளமா விழுதில்லையா? அந்த நிழல் நடக்கறதை வச்சு இன்னாருன்னு சொல்லிடலாம். ஒவ்வொருத்தர் நடையும் ஒவ்வொரு மாதிரி."

"மேல யாரு உக்காந்து பாக்கா?"

"யாரும் இல்லம்மா. ஒரு மிஷின். தலைவர் நடையை அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்த நடை தெரிஞ்சா ஒரு கம்பியைத் தள்ளிவிட்டுரும். வெடிமருந்தெல்லாம் கிடையாது, வெறும் உலோகக் கம்பி. அவ்வளவு உசரத்துலேருந்து வர்ற வேகமே போதும். அது கீழ வந்து சேரும்போது ஆள் எந்த இடத்துல இருப்பாருங்கிறதையும் நடையை வச்சே கணக்குப் போட்டுரும்."

"எந்த நாட்டுக்காரன் வேலை இது?"

"எல்லா நாடும் 'எங்களுது இல்லை'ம்பாங்க. வானத்துல ஆயுதம் வைக்கக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டவங்களாச்சே. இரும்புக் கம்பி ஆயுதமா இல்லையாங்கிறதை மட்டும் இன்னும் பேசி முடிக்கலை. வாடகைக்கும் விடுறாங்க. தலைவர் இந்தத் தேர்தல்ல ஜெயிச்சா ஏவுதளத்தை மூடுவேன்னு சொல்லியிருக்காரு. மூடினா நஷ்டப்படுற யாரோ வாடகைக்கு எடுத்திருக்காங்க. அந்தக் கம்பியே நம்ம கரையிலேருந்து மேல போனதாத்தான் இருக்கும்."

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், முகம் அப்படி ஒரு பிரகாசம்.

"அப்போ சார், மேல இருக்க மிஷினே நம்ம நடையைத் தலைவர் நடைன்னு நம்புதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மோர்ச் செம்பை அவர்மேல் வீசியிருப்பேன். விருந்தாளி இருக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரே நேரத்துல நாலு பேர் அப்படி நடந்தா யாரை எடுக்கும்?" என்று கேட்டேன்.

"யாரு நிழல் ரொம்பப் பொருந்துதோ அவரை எடுக்கும். அப்புறம் அடுத்தவரை" என்றவர், என் வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்தார். பிறகு காலி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். இந்த மனுஷனை வேறு மாதிரி நடக்க வைத்தாக வேண்டும். வலது செருப்பில் ஜல்லியைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கணுக்காலுக்கும் நடுவே கயிற்றைக் கட்டிவிட்டேன். இடுப்பில் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்க விட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, அண்ணாச்சிக்கு இது எத்தனாம் மாசம்?" என்று கேட்டுச் சிரித்தாள். குடத்தோடு நன்றாகத்தான் நடப்பார். தெருவில் போகிற எவனாவது "தலைவரே!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், இடது கால் தானாக வீசும், தண்ணீர் கூடமெல்லாம் கொட்டும்.

அவருடைய சொந்த நடையையாவது திருப்பிக் கொண்டுவரலாம் என்றால், அது எப்படி இருந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை. கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பாவி மனுஷன் அதில் கடைசிவரை உட்கார்ந்தே இருக்கிறார்.

உச்சி வெயிலில் நிழல் காலடியில் ஒட்டிக் கிடக்கும், அப்போது பயமில்லை என்று ஆரோக்கியதாஸ் சொல்லியிருந்தார். அதனால் கடை கண்ணிக்கு மத்தியானத்தில் மட்டும் விட்டேன். மற்ற நேரம் வாசலில் நான் உட்கார்ந்துகொள்வேன். ஊரில் மற்றவர்களுக்கு இந்தப் பயமே இல்லை. நடையை நிறுத்துங்கள் என்று கட்சிப் பெரியவர்களே கேட்டுக்கொண்டும் எவனும் நிறுத்தவில்லை. விண்கல்லுக்குப் பயந்து தலைவர் நடையை விட்டுட்டான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதாம்! முன்பு சும்மா போனவனெல்லாம் இப்போது வீம்புக்கு வீசிக்கொண்டு போனான். அதில் இரண்டு பேர் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒருநாள் கட்சிக் கார் வந்தது. மதுரையில் தலைவர் வீட்டுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். காரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஆகாசமே தெரியவில்லை. பெரிய கூடம். ஆரோக்கியதாஸ் ஓரமாக நின்றார். உள்கதவு திறந்து தலைவர் வந்தார்.

நேராக வந்தார். கால் வீச்சு இல்லை, தோள் இறக்கம் இல்லை. பேங்க் மேனேஜர் ஒருவர் தன் அறைக்குப் போகிற மாதிரி சாதாரணமாக நடந்து வந்தார். இந்த நடையின் ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்துத் திருத்தினவள் நான், எனக்குக் கண்ணைக் கட்டியது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. கதவு திறந்த உடனேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாரே!

"எந்திரி நாயகம். நீ என் தம்பி" என்று தலைவர் தூக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தோளில் கையும் போட்டார். இவருக்கு உதடு துடித்தது.

"தேர்தலுக்கு முன்னாடி மதுரையில ஒரு பேரணி. லட்சம் பேர். அத்தனை பேரும் என் நடை நடக்கணும். மேல இருக்கவன் எத்தனை பேரை அடிப்பான்? குழம்பிருவான். அடிச்சாலும் உலகமே டிவியில பாக்கும், அப்புறம் விண்கல்லுன்னு கதைவிட முடியாது. நீதான் முன்னால நடக்கணும் தம்பி. உன்னைப் பாத்துத்தான் மத்தவங்க நடக்கணும்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது.

"ஐயா, லட்சம் பேர் நடந்தாலும் நல்லாப் பொருந்துற ஆளைத்தான் முதல்ல எடுக்கும்னு இந்த சார் சொன்னாரே?"

ஆரோக்கியதாஸ் தரையைப் பார்த்தார்.

"தங்கச்சிக்கு விவரம் ஜாஸ்தி" என்று தலைவர் சிரித்தார்.

"நீங்க எங்க நடப்பீங்க?"

"நான் பின்னால வண்டியில வருவேம்மா. அதுக்குக் கூரை உண்டு."

"உங்க முட்டி எப்பய்யா சரியாச்சு?"

அவர் கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வெளிநாட்டுல மாத்திட்டாங்கம்மா. ரொம்ப வருஷமாச்சு. ஆனா ஜனங்களுக்கு அந்த நடைதான் கட்சி. நேரா நடந்து போனா, இவன் யாருடா புதுசான்னு கேப்பாங்க. மேடைன்னா மட்டும் நடக்கறேன்."

அதனால்தான் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திறந்த வெளியில் அவர் தன் நடையை நடப்பதே இல்லை. அதை நடந்தவர்களெல்லாம் எங்களைப் போன்றவர்கள்.

திரும்பி வரும்போது காரிலேயே ஆரம்பித்துவிட்டேன். "கேட்டீகளா? அவரே நேராத்தான் நடக்காரு. நீங்க எதுக்குய்யா நொண்டணும்?"

"முட்டி சரியான பொறவும் நமக்காக நொண்டுதாரேளா! அவருல்லா தலைவரு!" என்றார். கண்ணில் தண்ணீர் வேறு.

"உங்களைத் தூண்டில்ல மாட்டப் போறாங்க. நீங்க புழுவுய்யா, புழு!"

வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் சொன்னார். "செண்பகம், எனக்கு வேற என்ன தெரியும்? கோமதிநாயகம்னு என்னை எவனாவது கூப்பிடுதானா? கோவம் வந்தா நீயே டூப்பேன்னுதான் ஏசுத. தலைவரு இன்னைக்கு நாயகம்னு கூப்பிட்டாரு பாத்தியா. செத்தா அவருக்காகச் செத்ததா இருக்கட்டும்."

அவர் சொன்னது பொய் இல்லை. அதற்காக அவரைச் சாகவிட முடியுமா? எனக்கு அந்த மனுஷன் வேண்டும். டூப்போ அசலோ, சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, இன்னைக்கு நடை எப்படிளா இருந்துச்சு என்று கேட்கிற அந்த ஆள் எனக்கு உயிரோடு வேண்டும். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், அவர் அண்ணனைக் கூட்டிவந்து பேசவைத்தேன். அண்ணன் பேசிவிட்டுப் போகும்போது, பேரணிக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று விசாரித்துவிட்டுப் போனார். கட்சிக்காரர்.

பேரணி அன்று காலைச் சாப்பாடு முடித்துவிட்டு அவர் கூடத்தில் பாயை விரித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தார். கார் மத்தியானம் வரும். கொடியில் துவைத்த வேட்டியும் துண்டும் தொங்கின. நான் அடுப்படிக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இடது காலா, வலது காலா என்று ஒரு யோசனை வந்தது. இடது முட்டியை உடைத்துத்தானே அந்த நடையே வந்தது. வலதுதான் என்று முடிவு செய்தேன்.

முதல் அடியில் எலும்பு உடையவில்லை. அவர் பதறி எழுந்து உட்கார்ந்து, "ஏளா" என்றார், ஏதோ கனவு மாதிரி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது அடி அடித்தேன். முட்டி உள்ளே போய்விட்டது. மூன்றாவது அடிக்கு எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே வந்தது. பாயெல்லாம் ரத்தம். அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது.

"பாவி, என்னைக் கொன்னுட்டியேடி!"

"கொல்லலைங்க. உயிரோட கிடங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் கத்தி அழுதேன்.

மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலையைக் கவனித்தார். காலைக் கட்டித் தூக்கி வைத்து, வலிக்கு ஊசி போட்டு, தனி அறையில் படுக்க வைத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "டிவியைப் போடச் சொல்லு" என்று நர்ஸிடம் சொன்னார்.

மதுரையில் ஜனம் என்றால் ஜனம். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கோவில்பட்டி மாசிலாமணி முன்னால் நடப்பார் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஆள் வரவில்லை. முன்வரிசை நகர மாட்டேன் என்றது. மைக்கில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் தலைவர் வரட்டும் என்று கத்தினான். லட்சம் பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் வா, தலைவர் வா என்று ஒரே இரைச்சல்.

கூரை போட்ட வண்டிக்குள் அவர் உட்கார்ந்திருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஆரோக்கியதாஸ் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வீம்பா, வெட்கமா, எனக்குத் தெரியாது. எப்போதோ அடி வாங்கிய ஆள் இன்னும் கொஞ்சம் உள்ளே மிச்சம் இருந்திருக்கலாம். கூட்டம் பார்க்கிறது, நேராக நடக்க முடியுமா? காலை வீசினார். தோளைத் தூக்கினார். துண்டு நுனி கைக்குப் போனது. பின்னால் லட்சம் பேர் அதே மாதிரி வீசினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

கட்டிலில் இவர் வலியை மறந்து தலையைத் தூக்கினார். "தோளு இன்னும் இறங்கணும் தலைவரே" என்றார்.

வெள்ளைக் கோடு விழுந்தது.

கேமரா கீழே விழுந்து, படம் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. புழுதி. புழுதிக்குள் ஒரு வேட்டி எரிந்தது. ஒரு பெண் தன் கையையே இன்னொரு கையில் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு. ஆரோக்கியதாஸ் சொன்னது போலவே, அடுத்துப் பொருந்தியவர்மேல், அதற்கடுத்துப் பொருந்தியவர்மேல். சிதறி ஓடியிருந்தால் பிழைத்திருப்பார்கள், ஓடும்போது எவனுக்கும் தலைவர் நடை கிடையாது. இந்தப் பைத்தியங்கள் ஓடவில்லை. தலைவர் போய்விட்டார் என்று மாரில் அடித்துக்கொண்டு, குழியைச் சுற்றி, அதே நடையில் முன்னே போனார்கள். பிணத்தை மிதித்துக்கொண்டு காலை வீசினார்கள். மேலே இருந்ததும் நிறுத்தவில்லை. வெயில் மறைந்து நிழல் இல்லாமல் போன பிறகுதான் அது ஓய்ந்தது.

"எம் பொறுப்பு. நான் நடந்திருக்கணும்" என்று இவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நான் பிடிக்கப் போனேன். "தொடாதட்டி!" என்றார்.

மறுநாள் காலையில் ஆரோக்கியதாஸ் வந்தார், தலையில் கட்டு, கையில் கட்டு. கூடவே பொதுச்செயலாளர் தனுஷ்கோடி. கதவைச் சாத்தச் சொன்னார்கள்.

"தலைவர் நல்லா இருக்காரு" என்றார் தனுஷ்கோடி.

இந்த ஆளுக்குத் துக்கத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கட்டிலைக் காட்டினார்.

"முன்னால நடக்கப்போறது டூப்புன்னு ஊர் பூரா போஸ்டர் இருக்கு தங்கச்சி. வண்டியிலேருந்து இறங்கி நடந்து போனது உன் வீட்டுக்காரரு. செத்ததும் அவருதான். தலைவர் வண்டிக்குள்ளயேதான் இருந்தாரு. வண்டி கவுந்து கால் உடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. அந்தக் குழியில அள்ளுறதுக்கு ஒண்ணும் இல்லை, செத்தது அவரு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. தேர்தல் வருது. கட்சி இருக்கணும்னா தலைவர் இருக்கணும்."

"போய்யா வெளியே!" என்று கத்தினேன். "எம்புருசன் உயிரோட கிடக்காரு கண்ணு முன்னால! அவரைச் செத்தவன்னு சொல்ல நீ யாரு?" திரும்பி, "நீங்க சொல்லுங்க. இவுகளைப் போகச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையை ஊன்றி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். தலைவரின் குரலில், ஒரு பிசிறு இல்லாமல் கேட்டார்.

"தொண்டர்களுக்கு ரொம்பச் சேதமா தனுஷ்கோடி?"

தனுஷ்கோடி கைகட்டிக் குனிந்து, "ஆமாங்க தலைவரே" என்றார். இருவரும் விளையாடவில்லை.

நான் அறையை விட்டு ஓடி வந்துவிட்டேன். தெருவுக்குப் போய், போலீசுக்குப் போய், டிவிக்காரனிடம் போய், எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட வேண்டும் என்று படபடத்தது. ஆரோக்கியதாஸ் வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றார்.

"சொல்லலாம்மா. உங்களை நான் தடுக்கலை. ஆனா ஒண்ணு. காலு கூடினதும் இவர் எந்திரிச்சு நடப்பாரு, நடக்காம இருக்க மாட்டாரு. அப்போ கண்டிப்பா அந்த நடைதான் நடப்பாரு, உங்களாலேயே மாத்த முடியலையே. அதுவே அவரு தலைவரா இருந்தா நாங்க நாற்காலியை விட்டு இறக்க மாட்டோம். சக்கர நாற்காலியில உக்காந்திருக்கவரை மேலேருந்து கண்டுபிடிக்க முடியாது. நீங்க உடைச்ச காலுதான் அவரைக் காப்பாத்தப் போகுது. அவர் உயிரோட இருக்கணும்னுதானே செஞ்சீங்க?"

அதற்காகத்தான் செய்தேன். வேறு எதற்காகச் செய்தேன்? திட்டுவதற்கு ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு சரி என்று தலையை ஆட்டினேன்.

கோவில்பட்டியில் பெரிய தகரக்கொட்டகை போட்டார்கள். குழியில் அள்ளிய மண்ணைப் பெட்டியில் வைத்துக் கட்சிக் கொடி போர்த்தி, கோமதிநாயகம் என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். ஜனங்கள் வரிசையாக வந்து அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். மகளிர் அணிப் பெண்கள் என் நெற்றியை அழித்து, பூவைப் பிய்த்து, தாலியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார்கள். எல்லாச் சானலிலும் காட்டினார்கள். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுடி, எல்லாரும் பாக்காக என்று ஒருத்தி காதில் சொன்னாள்.

அப்போது சக்கர நாற்காலி வந்தது. கட்டுப்போட்ட கால் நீட்டியிருந்தது. மீசையை யார் ஒட்டினார்களோ, சரியாகவே ஒட்டியிருந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று வாழ்க வாழ்க என்று கத்தியது. பெட்டிக்கு மாலை போட்டார். பிறகு நாற்காலியை என்னருகே தள்ளச் சொன்னார். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன் ஒரு முழ தூரத்தில் இருக்கிறார். ஒரு சாடை காட்டுவார், கண்ணையாவது ஒரு நொடி தாழ்த்துவார் என்று அந்த முகத்தையே பார்த்தேன். இரண்டு கையையும் கூப்பினார்.

"நாயகம் எனக்குத் தம்பி. இனிமே நீ எனக்குத் தங்கச்சி. உனக்கு அண்ணன் நான் இருக்கேம்மா."

நடித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவர் நடிக்கவில்லை. என்னை உண்மையாகவே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்போதுதான் அழுதேன். தரையில் விழுந்து, மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு, நாலு பேர் பிடித்தும் அடங்காமல் அழுதேன். டிவியில் பார்த்தவர்களெல்லாம், ஐயோ பாவம், புருஷனைப் பறிகொடுத்தவ எப்படி அழுறா பாரு என்று சொன்னார்களாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.